பாக்குத் தோப்புக்குள் ஒரு நாடகக் கல்லூரி

பெங்களூரில் ராத்திரி ரயிலேறினால் பொழுது விடிகிற நேரத்துக்குச் சாகர். அர்சிகெரே, பீரூர், பத்ராவதி, ஷிமோகா என்று நம்மவர்களுக்குப் பழக்கமான ஊர்களையெல்லாம் தாளகுப்பா ரயில் இருட்டிலேயே கடந்துவிடும். சாகரில் இறங்குகிற வெளியூர்க்காரர்களில் பெரும்பாலோர் ஜோக் நீர்வீழ்ச்சியைப் பார்க்க வந்தவர்கள். அது அங்கிருந்து சுமார் முப்பது கிலோ மீட்டர். ஆட்டோக்காரர்களும் அந்த நினைப்பிலேதான் அருகில் வருவார்கள்.

ஆனால் அக்டோபர் மாதத்தில் இன்னொரு கூட்டமும் அங்கே இறங்கும். தோளில் ஜோல்னாப் பை, கையில் ஒரு படுக்கைச் சுருட்டு. பள்ளி ஆசிரியர்கள், பாங்க் குமாஸ்தாக்கள், கல்லூரி மாணவர்கள், இரண்டொரு விவசாயிகள். இவர்கள் அருவிக்குப் போகிறவர்கள் அல்ல. எட்டு ஒன்பது கிலோ மீட்டர் தள்ளியுள்ள ஹெக்கோடு என்ற கிராமத்துக்குப் போகிறவர்கள்.

என்ன இருக்கிறது ஹெக்கோட்டில்? இரண்டு பக்கமும் பாக்குத் தோப்பு. நடுவில் ஒரு சாலை. சாலை ஓரத்தில் டீக்கடை. பஸ்ஸில் போகிறவன் கண்ணயர்ந்தால் ஊர் கடந்துபோனது தெரியாது. அந்த ஊரில்தான் காளிதாசனும் ஷேக்ஸ்பியரும் பிரெக்டும் கோகோலும் கன்னடம் பேசிக்கொண்டு மேடை ஏறுகிறார்கள். ஒரு நாடகக் கல்லூரி நடக்கிறது. ஆண்டுதோறும் அங்கே தயாராகும் நாடகங்கள், செட்டும் விளக்கும் நடிகர்களுமாக வண்டியேறி, கர்நாடகம் முழுக்க நூறு தடவைக்கு மேல் ஆடப்படுகின்றன.

சாபம் போல் ஒரு பெயர்

அமைப்பின் பெயர் ஸ்ரீ நீலகண்டேஸ்வர நாட்ய சேவா சங்கம். நீலகண்டேஸ்வரர் அந்த ஊர் ஸ்வாமி. நீளமான பெயரைச் சுருக்கி, முதலெழுத்துக்களைக் கோத்து, கன்னடத்தில் ‘நீநாஸம்’ என்கிறார்கள். தமிழ்க் காதுக்கு அது யாரோ கையை நீட்டிச் சபிப்பது போல் கேட்கும். கன்னடக்காரர்களோ அதை மிகுந்த மரியாதையோடு சொல்கிறார்கள்!

சங்கம் தொடங்கிய ஆண்டு 1949. சுதந்திரம் வந்த புதிது. அன்றைக்கு எந்த ஊரில்தான் நாடக சங்கம் இல்லை? தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் பொங்கலுக்குப் பொங்கல் ஒரு சங்கம் தோன்றும். இரண்டு நாடகம் போடும். பெட்ரோமாக்ஸ் வாடகைக் கடனோடு கலைந்துவிடும். ஹெக்கோட்டுச் சங்கம் அப்படிக் கலையவில்லை. கலையாததற்குப் பெரும் காரணம் ஒரு பாக்கு விவசாயி.

கே.வி. சுப்பண்ணா 1932-ல் பிறந்தவர். குவெம்பு போன்ற பெரியவர்கள் ஆசிரியர்களாக இருந்த மைசூர் மகாராஜா கல்லூரியில் படித்தவர். அந்தக் காலத்தில் அந்தப் படிப்புக்கு மைசூரிலேயோ பெங்களூரிலேயோ உத்தியோகம் காத்துக் கொண்டிருக்கும். அவர் ஊருக்குத் திரும்பினார். தோட்டத்தைப் பார்த்துக் கொண்டார். பார்த்துக் கொண்டே நாடகம் போட்டார். ‘அக்ஷர பிரகாசன’ என்று ஒரு பதிப்பகம் தொடங்கிப் புத்தகம் போட்டார். பிரெக்டின் நாடகங்களையும் சாகுந்தலத்தையும் தானே கன்னடத்தில் எழுதினார். கடைசி வரையில், கேட்டவர்களிடம் அவர் சொல்லிக்கொள்ளக்கூடிய தொழில் விவசாயம்தான். 2005-ல் காலமானார்.

அவருடைய பிடிவாதம் ஒன்றே ஒன்று. நல்ல நாடகம், நல்ல சினிமா, நல்ல புத்தகம் இவையெல்லாம் பட்டணத்துக்காரனுக்கு, கிராமத்தானுக்கு அவற்றில் மட்டமான பதிப்புப் போதும் என்ற எண்ணத்தை அவர் ஏற்கவில்லை. 1972-ல் ஹெக்கோட்டில் நிரந்தர அரங்கம் எழுந்தது. ஓலைக் கொட்டகை அல்ல. முறையான மேடை, விளக்கு வசதி எல்லாம் கொண்ட கட்டிடம். கன்னட எழுத்தாளர் சிவராம காரந்தின் பெயரை அதற்கு வைத்தார்கள். மறு ஆண்டு, 1973-ல், ஒரு திரைப்படச் சங்கம். சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யும் ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் ‘ரஷோமா’னும் பாக்கு உரிக்கிறவர்களும் மாடு மேய்க்கிறவர்களும் உட்கார்ந்திருக்கிற கூட்டத்துக்கு முன்னால் ஓடின. பெங்களூரிலேயே பலர் அந்தப் படங்களின் பெயரைக் கூடக் கேட்டிராத காலம் அது.

கிராமத்தாருக்கு அந்தப் படங்கள் புரிந்தனவா என்று கேட்கத் தோன்றும். வங்காளத்துக் கிராமத்தில் பஞ்சத்தில் அடிபட்ட குடும்பம், மழையில் நனைந்து காய்ச்சலில் சாகிற பெண் குழந்தை, பிழைப்புத் தேடி ஊரை விட்டுக் கிளம்புகிற தகப்பன் – இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? புரியாமல் போனால் அது பட்டணத்தானுக்கு வேண்டுமானால் நடக்கும்.

ஓராண்டுப் படிப்பு

நாடகக் கல்லூரி 1980-ல் ஆரம்பமானது. ரங்க சிக்ஷண கேந்திரம் என்று பெயர். ஓராண்டுப் படிப்பு, டிப்ளமா. ஒரு தடவைக்குச் சுமார் இருபது பேர்தான். அவ்வளவு சிறிய கல்லூரி. சேருகிறவர்களில் பெரும்பாலோர் கிராமத்துப் பிள்ளைகள். மாவட்டத்துக்கு ஒருவர் இருவராகக் கர்நாடகத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் வருகிறவர்கள். கதாநாயகனாக வேண்டும் என்று வருகிறவன், மேடைக்குப் பின்னால் ஆணி அடிக்கிற வேலையையும் கற்றுக்கொண்டுதான் வெளியே போகிறான். குரல் பயிற்சி, உடற்பயிற்சி, மேக்கப், உடை தைப்பது, விளக்கு அமைப்பது, தச்சு வேலை எல்லாமே பாடம். ஸம்ஸ்கிருத நாடகம் ஒரு பக்கம், ஐரோப்பிய நாடகம் ஒரு பக்கம், இரண்டுக்கும் நடுவில் யக்ஷகானம்.

யக்ஷகானம் என்றதும் நம்மவர்கள் தெருக்கூத்தை நினைத்துக்கொள்ளலாம். பாடுகிற பாகவதர், மத்தளம், காதைப் பிளக்கிற சண்டை, தலைக்கு மேல் எழும்பி நிற்கும் கிரீடம், விடிய விடியப் பாரதக் கதை. கூத்தில் நம் கட்டியங்காரன் செய்கிற வேலையை அங்கே ஹாஸ்யக்காரன் செய்கிறான். தென்னாற்காட்டிலும் செங்கற்பட்டிலும் கூத்துப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு யக்ஷகானம் ஒன்றுவிட்ட சகோதரனாகத்தான் தெரியும்.

டெல்லியில் தேசிய நாடகப் பள்ளியிலும் இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக் கழகத்திலும் படித்துவிட்டுத் திரும்பிய சுப்பண்ணாவின் மகன் கே.வி. அக்ஷராவும், நெடுங்காலம் முதல்வராக இருந்த சிதம்பர ராவ் ஜம்பேயும் இந்தக் கல்லூரியை வளர்த்தவர்கள். லீட்ஸ் வரை போனவர் ஹெக்கோட்டுக்குத் திரும்பியது அப்பாவின் பாதையிலேதான்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். வட கன்னட மாவட்டத்துக் காடுகளில் சித்தி என்ற இனத்தார் இருக்கிறார்கள். பல தலைமுறைகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். கூலி வேலை, ஊரில் மரியாதை இல்லை. 1980-களில் நீநாஸம்காரர்கள் அவர்களிடம் போய், அவர்களையே நடிகர்களாக்கி, நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சிபியின் நாவல் ஒன்றை நாடகமாகப் போட்டார்கள். தங்கள் பாட்டன் பூட்டன் வந்த கண்டத்தின் கதையை அவர்கள் கன்னடத்தில் பேசி நடித்தார்கள். பிறகு சித்தி இளைஞர்களும் பெண்களும் கல்லூரிக்கே வந்து பயின்று நடிகர்களானார்கள். கல்லூரி என்று எத்தனையோ நடக்கின்றன. இருபது பேரை வைத்துக்கொண்டு இந்தக் காரியத்தைச் செய்த கல்லூரி எத்தனை?

மழையில் ஒத்திகை, பனியில் பயணம்

ஹெக்கோட்டின் நாடகப் பருவம் மழையோடு பிறக்கிறது. மலைநாட்டு மழை என்பது பெங்களூர்த் தூறல் அல்ல. ஜூனில் பிடித்தால் செப்டம்பர் வரை விடாது. வேட்டி காயாது, தீப்பெட்டி பற்றாது. தோப்புக்காரர்களுக்கு அப்போது பெரும் கவலை, பாக்குக் குலையை அழுகவைக்கும் ‘கொளெ ரோகம்’. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்த மருந்தை மரமேறித் தெளித்துக்கொண்டிருப்பார்கள். அந்த மாதங்களில் அரங்கத்துக்குள் புது நாடகங்களின் ஒத்திகை நடக்கும். ஓட்டின் மேல் விழுகிற மழைச் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய குரல், எந்த ஊர் மைதானத்திலும் கடைசி வரிசைக்குக் கேட்கும் அல்லவா?

அக்டோபரில் மழை ஓய்கிற சமயத்துக்குச் சரியாகப் ‘பண்பாட்டு முகாம்’. ‘ஸம்ஸ்கிருதி ஷிபிரம்’ என்பது கன்னடப் பெயர். 1979-ல் சினிமா ரசனைப் பயிற்சியாக ஆரம்பித்து, பிறகு இலக்கியம், நாடகம், இசை எல்லாம் சேர்ந்ததாக விரிந்தது. காலையிலும் பகலிலும் பேச்சு, விவாதம். யூ.ஆர். அனந்தமூர்த்தி பல ஆண்டுகள் அங்கே உட்கார்ந்து விவாதங்களை நடத்திக் கொடுத்திருக்கிறார். மாலையானால் நாடகம் அல்லது கச்சேரி. பகலில் முகாமுக்கு வந்தவர்கள் மட்டும்; மாலையில் ஊரே வரும். தோட்ட வேலை முடித்து, குளித்து, குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு டார்ச் வெளிச்சத்தில் வருகிற ஜனங்கள், பெங்களூரிலிருந்து வந்த பேராசிரியருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருவார்கள். நடிகன் சொதப்பினால் முதலில் சலசலப்பது யார் என்று நினைக்கிறீர்கள்? பேராசிரியர் அல்ல. முப்பது நாற்பது வருஷம் தொடர்ந்து நாடகம் பார்த்த ஊர் அது. அவர்களை ஏமாற்ற முடியாது.

முகாம் முடிந்ததும் வண்டி கிளம்பும். இதற்கு ‘திருகாட்ட’ என்று பெயர். சுற்றித் திரிதல் என்று அர்த்தம். 1985-ல் ஆரம்பமானது. அதற்கு முந்திய இரண்டு வருஷங்களில், ஃபோர்டு அறக்கட்டளை கொடுத்த பண உதவியைக் கொண்டு மாநிலமெங்கும் கிராமம் கிராமமாக நாடக, சினிமாப் பயிற்சி முகாம்கள் நடத்தியிருந்தார்கள். வெளிப் பணம் ஒரு நாள் நிற்கத்தான் செய்யும். அப்புறம் என்ன செய்வது? முகாம் நடந்த ஊர்களில் நாடகம் பார்க்க ஆவலுள்ளவர்கள் உருவாகிவிட்டார்கள். அவர்களைத் தேடி நாடகமே போகட்டும் என்று முடிவாயிற்று.

ஏற்பாடு எளிமையானது. பதினைந்து இருபது பேர் கொண்ட குழு. பெரும்பாலும் கல்லூரியில் படித்து முடித்தவர்கள். மாதச் சம்பளம். கையில் இரண்டு மூன்று நாடகங்கள். ஒவ்வோர் ஊரிலும் ஒரு சங்கமோ, பள்ளிக்கூடமோ, இளைஞர் மன்றமோ பொறுப்பேற்று, ஒரு தொகை பேசி, டிக்கெட் விற்று, குழுவுக்குச் சாப்பாடும் படுக்க இடமும் தரும். பகலில் வந்து இறங்குவார்கள். மேடை இருந்தால் மேடை. இல்லாவிட்டால் பள்ளிக்கூட மைதானத்தில் கட்டிக்கொள்வார்கள். ராஜா வேஷக்காரன் மரப்பெட்டி சுமப்பான். சகுந்தலை விளக்குக் கம்பி இழுப்பாள். மாலையில் ஆட்டம். ஆட்டம் முடிந்ததும் செட்டைப் பிரித்து வண்டியில் ஏற்றி, சாப்பிட்டுத் தூக்கம். மறுநாள் வேறு ஊர், வேறு மேடை. நாலைந்து மாதம் இதே பிழைப்பு. பனியும் தூசியும் பஸ் பயணமும் தொண்டையைப் பிடித்துக்கொள்ளும். ஆனாலும் அன்றைய ஆட்டம் நின்றதாக இருக்கக் கூடாது.

இதைப் படிக்கும்போது பெரியவர்களுக்குப் பழைய பாய்ஸ் கம்பெனி ஞாபகம் வராமல் இருக்காது. 1918-ல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் சிறுவர்களை வைத்துச் சபை நடத்தினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அந்த வழியில் வந்தவர்கள். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் கம்பெனி வீட்டில் சோறு தின்று வளர்ந்தவர்கள். கன்னடத்திலும் குப்பி வீரண்ணாவின் கம்பெனி இருந்தது. குருக்ஷேத்திர நாடகத்தில் நிஜ யானையையும் குதிரையையும் மேடையேற்றிய கம்பெனி அது. ராஜ்குமார் அங்கிருந்துதான் சினிமாவுக்கு வந்தார். சினிமா வந்ததும் இரண்டு மாநிலத்திலும் கம்பெனிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. ‘இனி நாடகம் பிழைக்காது’ என்று எல்லோரும் சொன்ன பிறகு, ஒரு பாக்குத் தோப்பிலிருந்து மறுபடி வண்டி கட்டினார்கள் என்பதுதான் இதில் ஆச்சரியம். அந்தக் கால யானையும் இல்லை, குதிரையும் இல்லை. ஒரு துணித் திரை, நாலு மரப்பலகை, பதினைந்து இளைஞர்கள்.

கோகுலத்தை விட்டு

குப்பி கம்பெனிக்கு வீட்டை விட்டு ஓடிவந்து சேர்ந்த ஒரு பையனைப் பற்றியும் சொல்ல வேண்டும். பி.வி. காரந்த். வீரண்ணாதான் அவரைக் காசிக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். பின்னாளில் தேசிய நாடகப் பள்ளியின் இயக்குநரானார். மேடை இசையில் அவர் ஒரு மந்திரவாதி. ஹார்மோனியமும் தபேலாவும் மட்டும்தான் வாத்தியம் என்பதில்லை அவருக்கு. கல், தகரம், காகிதம் எதிலும் ஓசை எடுப்பார். 1977-ல் காந்திகிராமத்தில் பல வாரங்கள் நடந்த நாடகப் பட்டறையிலும் அவர் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் நவீன நாடகம் பற்றிப் பேசுகிற யாரும் அந்தப் பட்டறையைச் சொல்லாமல் விடுவதில்லை. ஆக, ஹெக்கோட்டுக்கும் திண்டுக்கல் பக்கத்துக்கும் ஒரு மெல்லிய நூல் இருக்கிறது.

அந்தக் காரந்த் நீநாஸம் குழுவுக்காக இயக்கி இசையமைத்த நாடகங்களில் ஒன்று ‘கோகுல நிர்கமன’. பு.தி. நரசிம்மாச்சார் எழுதிய இசை நாடகம். கண்ணன் கோகுலத்தை விட்டு மதுராவுக்குப் புறப்படுகிறான், அவ்வளவுதான் கதை. கம்ஸவதம் கூட இல்லை. போகிறவன் போகிறான், நிற்கிற ஊர் நிற்கிறது. பாட்டிலேயே நகர்கிற நாடகம்.

எழுதிய பு.தி.ந. மேல்கோட்டையில் பிறந்தவர். ராமாநுஜரின் திருநாராயணபுரம்! அந்த ஐயங்கார் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் பேசுவது ஒரு வகைத் தமிழ், கோயிலில் ஓதுவது திவ்யப் பிரபந்தம், எழுதியது கன்னடம். இப்படி வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம் என்று வாழ்ந்தவர்கள் கன்னட இலக்கியத்தில் ஒருவர் இருவர் அல்ல. மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் அப்படி. நவீன கன்னட நாடகத்துக்கே தகப்பன் என்று சொல்லப்படுகிற டி.பி. கைலாசம், மைசூர் சமஸ்தானத்தில் நீதிபதியாக இருந்த பரமசிவ ஐயரின் மகன், தமிழ்க் குடும்பம். கன்னடத்துக்கு ஒரே ஒரு கைலாசம் என்று கன்னடக்காரர்களே பெருமைப்படுகிறார்கள்.

ஊரை விட்டுப் புறப்படுவது என்ன என்று நம்மவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தர்மபுரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் தகரப் பெட்டியோடு கிளம்பியவர்கள், பத்ராவதி இரும்பாலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், கண்ணன் முதுகைக் காட்டி நடக்கிற கட்டத்தில் மொழிபெயர்ப்புக்காரனைத் தேட மாட்டார்கள்.

புரியுமா?

‘அதெல்லாம் சரி, கன்னடம் புரிய வேண்டுமே’ என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பீன்யாவில் பத்து வருஷம் லேத்தில் நின்றவருக்குக் கண்டக்டரிடம் பேசுகிற கன்னடம் தெரியும். ரேஷன் கடைக் கன்னடம் தெரியும். மேடைக் கன்னடம் முதல் கால் மணி நேரம் திணறவைக்கும். அதற்குள் ஒரு சூட்சுமம் பிடிபட்டுவிடும். நம் ‘ப’ அங்கே ‘ஹ’ ஆகிவிட்டது. பால் ‘ஹாலு’, பல் ‘ஹல்லு’, புலி ‘ஹுலி’, பூ ‘ஹூவு’, பாம்பு ‘ஹாவு’, பணம் ‘ஹண’. பழைய கன்னடத்தில் இவையும் ‘ப’வாகவே இருந்தன. ஹெக்கோட்டுத் தோப்பில் விளைகிற ‘அடிக்கெ’ வேறொன்றுமில்லை, பெருமாள் கோயிலில் தாம்பூலத்தோடு படைக்கிற நம் ‘அடைக்காய்’தான்.

நம்மவர்களில் பலர் முயற்சி செய்வதில்லை என்பது வேறு விஷயம். அதற்குச் சோம்பல் மட்டும் காரணமல்ல. 1991-ம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். கிராமத்து மக்களுக்கு உலகத்துச் சினிமாவையும் நாடகத்தையும் கொண்டுசேர்த்ததற்காகச் சுப்பண்ணாவுக்கு மகஸேஸே விருது கிடைத்தது அந்த ஆண்டில்தான். அதே ஆண்டு டிசம்பரில் காவிரித் தகராறில் பெங்களூரில் தமிழர் குடியிருப்புகள் தாக்கப்பட்டதும், குடும்பம் குடும்பமாக ஓசூர்ப் பக்கம் ஓடியதும் நடந்தன. அல்சூரில் திருவள்ளுவர் சிலை 1991-லிருந்து 2009 வரை துணி மூடியே நின்றது. அப்படிப்பட்ட நாட்களை அனுபவித்தவன், கன்னட நாடகக் கொட்டகையில் போய் உட்கார்ந்து தன் தமிழ் முகத்தைக் காட்டிக்கொள்ளத் தயங்கினால் அவனைக் குறை சொல்ல முடியாது. சங்கத்தில் பாட்டுக் கச்சேரி, மன்றத்தில் பட்டிமன்றம், வீட்டில் டெலிவிஷன் என்று அவன் தன் வட்டத்துக்குள் இருந்துவிட்டான்.

ஆனால் அவனுடைய பிள்ளை கன்னடப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறது. அதற்கு இரண்டு மொழியும் சொந்தம். ஜே.சி. ரோட்டில் ரவீந்திர கலாக்ஷேத்திரத்தை 1963 முதல் பஸ்ஸில் கடந்துபோகிற தமிழ்க் குடும்பங்களில் எத்தனை குடும்பம் உள்ளே போயிருக்கும்? திருகாட்ட நாடகங்கள் பெங்களூருக்கும் வருகின்றன. ஜே.பி. நகரில் 2004-ல் திறந்த ரங்க சங்கர அரங்கமும் இருக்கிறது. நாடகம் பார்க்க யாரும் ஜாதகம் கேட்பதில்லை, தாய்மொழி கேட்பதில்லை. டிக்கெட் மட்டும்தான் கேட்கிறார்கள். ரங்க சங்கரவில் இன்னொன்றும் கேட்பார்கள்: நேரத்துக்கு வந்தீர்களா என்று. மணி அடித்துக் கதவைச் சாத்தினால் மந்திரி வந்தாலும் திறப்பதில்லை.

பணமும் பிழைப்பும்

இவ்வளவும் எந்தப் பணத்தில் நடக்கிறது? மத்திய, மாநில அரசுகளின் உதவித் தொகை உண்டு. நன்கொடை உண்டு. ஊர்க்காரர்கள் கை கொடுப்பதுண்டு. மிச்சம் டிக்கெட். பெரிய வருமானம் எதுவும் இல்லை. அரசு உதவி வருஷா வருஷம் எழுதிக் கேட்டு வாங்க வேண்டியது. எப்போது வரும், எவ்வளவு வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. நடிகர்களின் சம்பளமும் பட்டணத்துச் சம்பளம் அல்ல. டெலிவிஷன் தொடர்காரர்கள் ஒரு நாளைக்குத் தருகிற பணத்தைப் பார்த்து மயங்காதவன் யார்? ஒரு பருவம், இரண்டு பருவம் சுற்றிவிட்டுப் பலர் போய்விடுகிறார்கள். கன்னட சினிமாவில் அச்யுத் குமார், சதீஷ் நீநாஸம் போன்றவர்கள் இங்கே தேறியவர்கள்தான். சதீஷ் கல்லூரியின் பெயரைத் தன் பெயரோடேயே ஒட்டிக்கொண்டுவிட்டார். வேறு சிலர் பள்ளிக்கூடங்களில் நாடக ஆசிரியர்கள். சொந்த ஊருக்குத் திரும்பிக் குழு நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள்.

போகிறவர்களைக் கல்லூரி தடுப்பதில்லை. அடுத்த ஜூலையில் புதிதாக இருபது பேர் பெட்டியோடு வந்து இறங்குவார்கள். மழை பிடித்துக்கொண்டிருக்கும்.

எப்படிப் போவது?

பெங்களூரிலிருந்து தாளகுப்பா ரயிலில் சாகர் ஜம்பகாரு ஸ்டேஷனில் இறங்க வேண்டும். பத்ராவதி, ஷிமோகாவில் இருக்கிறவர்களுக்கு அதே ரயில், இன்னும் கிட்டம். பஸ்ஸும் நிறைய உண்டு. சாகரிலிருந்து ஹெக்கோட்டுக்கு டவுன் பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்துக்கொள்ளலாம். பண்பாட்டு முகாமில் சேர்ந்து தங்குவதற்கு முன்கூட்டியே எழுதிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். மாலை நாடகத்துக்கு மட்டும் போகிறவர்கள், சாகரில் அறை எடுத்துக்கொண்டு, ராத்திரி திரும்பி வர ஆட்டோவுக்கு முதலிலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது. ஒன்பது மணிக்கு மேல் அந்த ரோட்டில் வண்டி கிடைப்பது அரிது. அக்டோபர்தானே என்று குடையை மறந்துவிட வேண்டாம்.